சிவப்பு க்ரேயான்

மான்கூர்டு முனிசிபல் பள்ளி, வியாழக்கிழமை.
குழந்தைகள் நல அலுவலகத்து அஸ்மிதா காம்ப்ளே
நனைந்த குடையோடு வந்தார்.
யார் அடித்தது என்று கேட்கவில்லை.
பள்ளியை வரையுங்கள்,
போகப் பயப்படும் இடத்துக்குச் சிவப்பு
என்றார்.

முப்பத்தேழு தாள்களில்
இரண்டாம் மாடிப் படித்திருப்பம் சிவந்திருந்தது.
தினம் நான் ஏறும் படி,
நோட்டுக்கட்டின்மேல் முகவாயை அழுத்திக்கொண்டு.

எபினேசர் கழிப்பறையையும் தீட்டியிருந்தான்.
பகலெல்லாம் தண்ணீர் குடிக்காதது
அதனால்தானா.

ஓம்கார் தாளில்
பள்ளி முழுக்க வெள்ளை.
கேட்டுக்கு வெளியே
யாரும் சொல்லாமலே ஒரு வீட்டை வரைந்து
க்ரேயான் முறியும்வரை தேய்த்திருந்தான்.

அஸ்மிதா இரண்டு தாள்களையும்
ஒரே உறையில் வைத்தார்.

இடைவேளை மணி.
நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
அந்தத் திருப்பத்துக்குப் போனேன்.