இரண்டரைக் கிலோ

புளியரைச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம்
எடைமேடையில் அவருக்குப் பகல் வேலை.
எம்-சாண்ட் லாரி மேலேறினால்
டயர் அமுங்குவதைப் பார்த்தே
எத்தனை டன் கூடுதல் என்று சொல்லிவிடுவார்.

திங்களும் வியாழனும்
தென்காசி ஆஸ்பத்திரியில் அவரை நிறுப்பார்கள்.
"திருமலைக்குமாரே, ரெண்டரை கிலோ கூடுதலாணு."
புனலூர்க்கார சிஸ்டர் சிரிக்காமல் சொல்வாள்.
நாலு மணிநேரம் மிஷினில் கிடத்தி
உலர் எடைக்கு இறக்கி அனுப்புவாள்.

நான் சொல்ல வந்தது ராத்திரியைப் பற்றி.

குறட்டை விடுவார். விடட்டும்.
மலையேறும் வண்டிச் சத்தத்தில் வளர்ந்தவள் நான்.
அது சட்டென்று நிற்கும்போதுதான் விழிப்பேன்.
ஒன்று, இரண்டு என்று எண்ணி
பதினெட்டில் செருமிக்கொண்டு மூச்சு வரும்
கொண்டை ஊசி வளைவில் கியர் மாற்றியதுபோல.
ஒருநாள் முப்பத்தொன்று.
என் மூச்சையும் பிடித்திருந்தேன் என்பது
பிறகுதான் உறைத்தது.

பழைய எடைச்சீட்டுகளின் முதுகில் குறித்துவைத்தேன்.
ஞாயிறு இரவின் எண்கள் பெரிசு,
திங்கள் இரவில் சிறுத்துவிடும்.
டாக்டரிடம் நீட்டினேன்.
"யாரும்மா இந்த லாரிக்காரன்?" என்றார்.
தாளைத் திருப்பியபின் பேசவில்லை கொஞ்ச நேரம்.

பகலெல்லாம் காலில் நிற்கும் நீர்
படுத்ததும் புறப்பட்டுவிடுமாம்.
சாக்ஸ் தடம் பதிந்த கணுக்காலிலிருந்து
தொடை, இடுப்பு, நெஞ்சு தாண்டி
கழுத்தில் வந்து தங்குமாம்.
உள்ளே பாதை ஒடுங்கும்.
போதாததற்கு, கசடு வடியாத ரத்தம்
மூச்சுக்கு உத்தரவிடும் மூளையைக் குழப்பும்,
ஒருசமயம் அவசரம், ஒருசமயம் மறதி.
தூக்கத்தை அளக்கிற சோதனை
திருநெல்வேலியில் இருக்கிறதென்று எழுதித் தந்தார்.
தேதி கிடைக்க இன்னும் ஒரு மாதம்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு
இரண்டு ஹாலோ பிளாக் வைத்தேன்.
ஒருக்களித்துப் படுக்கச் சொன்னேன்.
ரசத்தைக் கரண்டியால் அளந்தேன்.
"ரசமும் தண்ணிக் கணக்கா?" என்றார்.
வெளியே சாரல்.
ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறதென்று
பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.

சோறு கொண்டுபோன ஒரு ஞாயிறு மதியம்,
வண்டி ஏதுமில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு
தானே மேடைமேல் ஏறி நின்றார்.
சிவப்பு எண்கள் எழுபது என்றன.
மிஷினிலிருந்து இறங்கி வந்து நின்றாலும் எழுபதுதான்;
பத்துப் பத்தாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
"ரெண்டரையெல்லாம் இது கண்டுக்காது" என்று
அந்தப் பரந்த இரும்பின் நடுவில் நின்று சிரித்தார்.

அன்று இரவு இருபத்திரண்டு.