நடுவில் ஒன்றும் நடக்கக் கூடாது

ஏழாவது மறுப்பு கொலோனிலிருந்து வந்தது.
மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்:
"நல்ல இசை. அதுதான் சிக்கல்.
அறிவிப்பாளர் பேசும்போது
உங்கள் செல்லோவும் பேசுகிறது."

ஊர்வே அன்றிரவு செல்லோவின் வாயை அடைத்தாள்.
பிறகு மெட்டின் முதுகெலும்பை உருவினாள்.
அறுபது விநாடிக்கு, முப்பதுக்கு, பதினைந்துக்கு என
ஒரே துணியில்
அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பொம்மைக்கும்
சட்டை வெட்டினாள்.

படிவத்தில் மனநிலை கேட்டிருந்தது.
ஹெய்னோ அவளைவிட்டுப் போன வாரத்தில் போட்ட மெட்டு.
"நம்பிக்கை" என்று குறித்தாள்.
"காப்பீடு", "காலைநேரம்", "புதிய தொடக்கம்".
கை கூசவில்லை. மின்கட்டணம் வந்திருந்தது.

எடுத்துக்கொண்டார்கள்.
அதை அல்ல,
தவறிப்போய்க் கூடவே அனுப்பிய இன்னொன்றை:
கோப்லி போகும் டிராம்
சன்னலுக்குக் கீழே வளைவில் திரும்புகையில்
மைக்கை மூட மறந்த நாற்பத்தோரு விநாடி.
இரும்பு முனகுகிறது.
அவள் அதோடு ஒரே சுரத்தில் வில்லை இழுக்கிறாள்,
சும்மா, அது போகும்வரை.

"இதுபோல் இன்னும் பன்னிரண்டு கிடைக்குமா?"

மார்ச்சில் பல் மருத்துவர் அறையில் கேட்டாள்.
சுவரில் தொலைக்காட்சி, கழிவுநீர்க் குழாய் விளம்பரம்.
யாரோ பத்தாண்டு உத்தரவாதம் பற்றிப் பேச
அடியில் அவளுடைய டிராம்.
மருத்துவர் நிமிரவில்லை.
"என்னுது" என்று சொல்லப் பார்த்தாள்.
வாயில் பஞ்சு.

இப்போதெல்லாம் காலை ஆறே முக்காலுக்கு
சன்னலைத் திறந்துவைத்து
வில்லோடு உட்கார்ந்திருக்கிறாள், பனியானாலும்.

நேற்று மஞ்சள் அங்கி போட்ட இருவர் வந்து
தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டுவிட்டுப் போனார்கள்.