தண்ணிக் கழிவு

கணக்கப்பிள்ளை என்ற சொல்லுக்கு
சேரம்பாடியில் பெண்பால் கிடையாது.
தராசுக்குப் பின்னால் நான் நின்ற முதல் நாள்
வரிசையில் முன்னால் வந்த பவளக்கொடி அக்கா
பழக்கதோஷத்தில் "சாரு" என்று சொல்லிவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
மலையே சிரித்தது.
பேர் போடுகிறவளுக்கே
பேர் போட்டுவிட்டார்கள்.

பதினோரு வருஷம்
அந்தத் தராசுக்கு முன்னால் நின்றவள் நான்.
மூட்டையைக் கொக்கியில் மாட்டி
முள் எங்கே நிற்கிறதென்று
கழுத்தை நீட்டுவதற்குள்
பழைய கணக்கப்பிள்ளை இறக்கச் சொல்லிவிடுவார்.
மழை நாளில் மூட்டைக்கு மூன்று கிலோ
தண்ணிக் கழிவு.
மழை விட்ட நாளிலும் மூன்று.
பனி, என்பார்.
மாசி வெயிலில் ஒரு தடவை கேட்டேன்.
வேர்வை, என்றார்
சிரிக்காமல்.

அஞ்சல் வழியில் பி.காம்.
கூடலூருக்குப் பரீட்சைக்குப் போன பஸ்ஸை
யானை மறித்ததில் ஒரு பேப்பர் போனது.
அடுத்த வருஷம்
முதல் நாளே போய் அத்தாச்சி வீட்டில் படுத்துக்கொண்டேன்.

கொழுந்து லாரியில் மூட்டை ஏற்றுகிறவர்
என் வீட்டுக்காரர்.
நான் எழுதும் சீட்டில் அவர் கையெழுத்துப் போட வேண்டும்.
முதல் வாரம் முழுக்க
என் பேனாவை வாங்கவில்லை,
டிரைவரிடம் இரவல் கேட்டார்.
ராத்திரி நான் நோட்டு முடித்து வர
அவர் வைத்த ரசம் இருந்தது.
உப்பில்லை.
குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தேன்.

ஆடி பிறந்தது.
"மூணு கிலோ, வழக்கம்" என்றார்கள் ஆபீஸில்.
மூன்று என்றே எழுதினேன்.
என் கைதான் எழுதியது.
தவமணி முள்ளைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தாள்.
ஒரே நிரையில்
அவள் இந்தப் பக்கம் நான் அந்தப் பக்கம்
அட்டை கடித்த காலுக்குச் சுண்ணாம்பு மாற்றிப் பூசிக்கொண்டவர்கள்.
"இருக்கட்டும் சாரு" என்றாள்.
அந்தச் 'சாரு'வில் சிரிப்பில்லை.

சனிக்கிழமை மழை பத்து மணிக்குத்தான் பிடித்தது.
அதற்கு முன் வந்த காய்ந்த மூட்டை ஒன்றை
ஒதுக்கி வைத்திருந்தேன்.
எல்லோரும் போன பிறகு நிறுத்தேன்: இருபது.
வாயை அவிழ்த்து மழையில் வைத்தேன்.
கிளறினேன்.
மூட்டையோடு நானும் நனைந்தேன்.
உதறி மாட்டினால்
இருபத்தொன்று நானூறு.
சந்தேகத்துக்கு இன்னொரு தடவை நனைத்தேன்.
நூறு கிராம் கூடியது, அவ்வளவுதான்.

பதினோரு வருஷத்துக்குக் கணக்குப் போட
நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.
இரண்டு வரி எழுதி நிறுத்திவிட்டேன்.
பேனாவில் மை இருந்தது.

திங்கள், நாற்பத்திரண்டு பேருக்கும்
ஒன்றரை.
செவ்வாய் காலை துரை கூப்பிட்டார்.
யார் சொல்லி?
தராசு சொல்லி என்று சொல்ல
ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.
வாயில் வந்தது,
"நனைச்சு நிறுத்துப் பார்த்தேன், சார்."
அவர் ஜன்னலைப் பார்த்தார்.
மழையைத்தான் பார்த்தாரோ
ஃபேக்டரி புகையைத்தான் பார்த்தாரோ.
"ரெண்டு போடு.
இதுக்கு மேல பேசாத."

இரண்டுதான் போடுகிறேன்.

ஆனால் தராசைத் திருப்பி மாட்டிவிட்டேன்.
முள் இப்போது அவர்கள் பக்கம்.
எண் தெரிய வேண்டுமென்றால்
கழுத்தை நீட்ட வேண்டியது நான்.
நீட்ட விடுவதில்லை,
அவர்களே சத்தமாக வாசிக்கிறார்கள்.

"பத்தொம்போது முந்நூறு" என்கிறாள் தவமணி,
கொங்காணியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட.
"ரெண்டு கழி, சாரு.
அந்த அரையை மட்டும்
ஞாபகம் வச்சுக்க."