அவளிடம் மிஞ்சிய சொல்

கடலுக்கடியில் இரண்டு சுரங்கம் தாண்டி
என் தம்பியைக் கண்டிக்கப் போனேன்.

சபையில் சொல்லியிருந்தார்கள்:
முதலில் தனியாகப் போ. அன்போடு பேசு.
கேட்காவிட்டால் இருவரைக் கூட்டிக்கொண்டு போ.
மூப்பர் யோக்வான் என் தலைமேல் கைவைத்து ஜெபித்தார்.
கையில் மீன்வாடை.
அன்று காலைதான் அவர் படகு சாண்டாய் திரும்பியிருந்தது.

முதல் சுரங்கத்தில் ரேடியோ அறுந்தது.
அந்த மௌனத்தில் ஒத்திகை பார்த்தேன்:
"ஹானுஸ், நோயிலும் என்று நீ சொன்னாய்.
கோயில் கூரைப்புல்லில் மழை இறங்கிக்கொண்டிருந்தது.
மூன்றாம் வரிசையில் இருந்து நான் கேட்டேன்."
நன்றாக வந்தது.
இரண்டாம் சுரங்கத்தில் திரும்பச் சொன்னபோது
என் குரல் எனக்கே பிடித்துப்போனது.
அப்போதாவது வண்டியைத் திருப்பியிருக்கலாம்.

கிளாக்ஸ்விக்கில் அவன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.
பியோர்க் வேலைக்குப் போயிருந்தாள்.
சுன்வாவைக் குளிப்பாட்டிவிட இந்த வீட்டுக்கு வந்த தாதிதான்
பியோர்க்.
லுத்தரன் பாதிரியார் ஒப்புக்கொண்டுவிட்டாராம்,
ஆகஸ்டு பதினாறு,
பதினோரு மணிக்கு.

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன்.
விவாகரத்துத் தாளில் அரசாங்க முத்திரை இருக்கலாம்,
பரலோகம் அதில் கையெழுத்துப் போடவில்லை என்றேன்.
அவன் கத்தியைக் கீழே வைக்கவில்லை.
தோல் சுருள்சுருளாக இறங்கியது, அறுபடாமல்.

"சுன்வாவிடம் கேட்டேன் அக்கா.
ஆம் என்றாள்."

அவளால் வேறென்ன சொல்ல முடியும்?
முப்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாயில்
பக்கவாதம் விட்டுவைத்தது
அந்த ஒரு சொல்லைத்தான்.

கோட்டை மாட்டிக்கொண்டு இல்லத்துக்கு நடந்தேன்.
ஜன்னலோரம் இருந்தாள்.
தலைமுடியை யாரோ கச்சிதமாக வெட்டியிருந்தார்கள்.
"பியோர்க்தான். வாரா வாரம் வருவாள்," என்றாள்
போர்வை மடித்த பெண்.
அதைக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவதென்று
எனக்குத் தெரியவில்லை.

உனக்குச் சம்மதமா, சுன்வா?
ஆம்.
மனசு கொதிக்கிறதா?
ஆம்.
கல்யாணத்துக்கு நான் போகட்டுமா?
ஆம்.
போகாமல் அன்றைக்கு உன்னோடு இருக்கட்டுமா?
ஆம்.
இன்று செவ்வாய்தானே?
ஆம்.
இன்று வியாழன்.

கேட்டிருக்கக் கூடாத ஒன்றையும் கேட்டேன்:
"இந்த மூன்று வருஷத்தில்
நான் எத்தனை தடவை வந்தேன்?"

அவள் ஆம் என்று சொல்லவில்லை.
நல்ல கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்தாள்.
நேரம் பிடித்தது.
இரண்டு விரல்.
பிறகு என்னைப் பார்த்து, யோசித்து,
மூன்றாவதையும் நிமிர்த்தினாள்.
இன்றையதையும் சேர்த்துக்கொண்டாள்.

வெட்கத்தில் என் காது எரிந்தது.
அது தணியுமுன்னே புரிந்தது:
வாய்க்குத்தான் ஒரே சொல்.
விரலுக்குக் கணக்கு மறக்கவில்லை.
மூன்று வருஷமாக எல்லோரும்
அவள் வாயிடமே கேட்டுக்கொண்டிருந்தோம்,
நமக்கு வேண்டிய பதில் அங்கே
தயாராக இருந்ததால்.

சம்மதமென்றால் ஒன்று, இல்லையென்றால் இரண்டு
என்று கேட்டிருப்பேன். நாக்கு நுனிவரை வந்தது.
என் கேள்வியில்லை அது.

திரும்பி வந்தபோது உருளைக்கிழங்கு வெந்து ஆறியிருந்தது.
அவன் சாப்பிட்டிருக்கவில்லை.
ஒத்திகை பார்த்ததில் ஒரு வரிகூட நினைவில்லை.
"நீ வந்து மறுபடி கேள்," என்றேன்.
"வாயைப் பார்க்காதே. கையைப் பார்.
என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது.
சத்தியமாய்த் தெரியாது."

ஹானுஸ் எழுந்தான்.
கார்ச் சாவியைத் தேடினான்,
மேசையில், அடுப்பருகே, கோட்டுப் பையில்,
நெடுநேரம்.
அது கதவோரத்து ஆணியில் தொங்கியதை
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவனும் பார்த்திருப்பான்.