அறுபது சென்ட் பாக்கி

ஆவி வேண்டாம், வெறும் சூடு போதும் என்றாள் அர்லிஸ்.
இஸ்திரிப்பெட்டியைக் கவிழ்த்துத்
தண்ணீரைக் கொட்டினேன்.
மாவுமூட்டைத் துணி. டஜன் பதினெட்டு டாலர்.
முதல் நாளே துவைத்துக் கஞ்சி போக்கி
சுருக்கமெடுத்து அடுக்கியிருந்தாள்.

ஓட்ஸ் ஆலையில் ராத்திரி முறை முடிந்து வந்தவன் நான்,
சட்டைக் கைமடிப்பில் இன்னும் தவிடு.
"அழுத்தம் பத்தவில்லை, உன் எடை வேண்டும்" என்றாள்.
பத்தொன்பது வருட மணவாழ்வில்
என் தொப்பைக்குக் கிடைத்த முதல் மரியாதை.

படம் வந்தது ஒரு செருப்புப் பெட்டியிலிருந்து.
செடார் ராப்பிட்ஸில் யாரோ இறந்த வீட்டைக் காலிசெய்தபோது
இரண்டு டாலருக்கு வாங்கியது.
முழுக்க ரசீதுகள்.
ஹ்லுபோசெக் தீவனக் கடை, மார்ச் 1934.
தலைப்பில் ஒரு கோழி,
இறகு இறகாகச் செதுக்கிய கோழி,
பூமி உருண்டையின்மேல் நிற்கிறது
தானே இட்டதுபோல.
கீழே பழுப்பு மையில் சாய்ந்த கையெழுத்து:
திருமதி டோஃபல்.
தவிடு இரண்டு மூட்டை, கிளிஞ்சல் பொடி ஒன்று.
ஈடாகப் பெற்ற முட்டை மூன்று டஜன்.
பாக்கி அறுபது சென்ட்.

அச்சிட்ட தாளைக் குப்புறப் போட்டு
இரு கையும் ஊன்றி முப்பது எண்ணினேன்.
சூடு ஆறுமுன் உரிக்க வேண்டும்.
பழைய காயத்தின் பொருக்குபோல் வந்தது தாள்.
அர்லிஸ் போனை எடுக்கப் போனாள்,
அவள் அக்கா, சீக்கிரம் விடமாட்டாள்.
திரும்பி வரும்போது பதினொன்று முடித்திருந்தேன்.

துணியைப் பார்த்தாள்.
பிறகு ஒரு செக் வார்த்தை சொன்னாள்,
அவள் அம்மா கதவைச் சாத்திவிட்டுச் சொல்லும் வார்த்தை.

எழுத்தெல்லாம் இடம் வலமாக.
அச்சிடுமுன் படத்தைத் திருப்ப மறந்தவள் அவள்.
கவனிக்காதவன் நான்.
கோழியைத்தான் பார்த்தேன்,
கோழிக்கு இடமென்ன வலமென்ன?

சரியாக மறுபடி செய்தவை
மாதா கோயில் சந்தையில் விற்றுத் தீர்ந்தன.
வாங்கியவர்கள் ஒரு கரண்டியைக்கூடத் துடைக்கவில்லையாம்.
ஒருவர் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்.
பிசகிய பதினொன்றும் எங்களுக்கு.
அவைதான் வேலை செய்தன:
பீட்ரூட் கறை, வாணலிக் கரி,
நாய் வாந்தியெடுத்த செவ்வாய்க்கிழமை.

ஒன்பதரைக்குச் சாப்பாட்டு டப்பாவைக் கட்டுவேன்.
தொட்டிக்கு மேலே ஜன்னல், அந்நேரம் கன்னங்கரேல்.
அதில் என் முகம், பின்னால் அடுப்பு,
அடுப்பின் கைப்பிடியில் தொங்கும் துணி.
கண்ணாடியில் அது சரியாகப் படிக்கிறது.
பாக்கி அறுபது சென்ட்.
பக்கத்தில் குளிர்பெட்டி.
காந்தத்தின் கீழ் வங்கிக் கடிதம்,
மூன்றாவது, சிவப்பு எழுத்து,
அதே கண்ணாடியில்
எந்த நாட்டு மொழியோ என்று ஆகிவிடுகிறது.

அந்த ஒரு நிமிடம்
எங்கள் வீட்டுக் கடன் மொத்தமே
திருமதி டோஃபலுடையதுதான்.

கொடுத்தாளா அவள்?
அடுத்த மாத ரசீது பெட்டியில் இல்லை.
தேடினேன், இரண்டு முறை.
கடை இருந்த இடத்தில் டயர் மாற்றுகிறார்கள்.
சில்லறையோடு போய் நின்றால்
காற்றுப் பிடிக்கத்தான் சொல்வார்கள்.

ஒன்பதாம் துவைப்பில் கோழி போனது.
பூமி அதற்கு முன்பே.
பிறகு தவிடு, கிளிஞ்சல், கடைப்பெயர்,
டோஃபலில் பாதி.
அறுபது மட்டும் போகவில்லை.
அர்லிஸ் ப்ளீச் போட்டும் பார்த்துவிட்டாள்.

அந்த மூலையில்தான்
என் முழு எடையையும் வைத்திருக்கிறேன் போல.

டப்பாவை மூடினேன்.
விளக்கை அணைத்ததும்
ஜன்னலில் துணியும் இல்லை, நானும் இல்லை.
தூரத்தில் ஆலை,
மேலே வெள்ளைப் புகை.
இன்னும் இருபது நிமிடத்தில் மணி அடிக்கும்.