ஆறாவது கார்பன் படி

விருது வாங்கிய நாவலாம் அது.
எங்களுக்கு அது தெரியாது.
எங்களுக்குத் தெரிந்ததெல்லாம்
வைத்திருப்பது வெளியே தெரியக் கூடாது என்பதுதான்.

தார்த்து நகரத்துக் கொதிகலன் கூடத்தில்
எனக்கு இரவு வேலை.
அழுத்தமானியின் முள்
சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்வேன்,
தொடாத நேரமெல்லாம் படிப்பேன்.

செருப்பாலை அலுவலகத்தில் விர்வே
ஒரே அடியில் ஆறு தாள் அடித்தாள்.
முதல் படி அவள் அண்ணனுக்கு.
ஆறாவது எனக்கு.
ஆறாவது படியில் எழுத்து இருப்பது
பனிமூட்டத்தில் ஆள் நிற்பது போல.
இருக்கிறார் என்று நம்பித்தான் கிட்டே போக வேண்டும்.
நான் விண்கலம் என்று வாசித்த சில இடங்கள்
வெண்கலமாகவும் இருந்திருக்கலாம்.

நூற்றெண்பது ஆண்டுப் பயணம்.
உறைந்து கிடக்கும் நானூறு பேர்.
அவ்வப்போது விழித்துக்கொள்பவன் தளபதி ஒருவன்.
கலத்தின் எடைக்கும் எரிபொருளுக்கும்
கடைசிச் சொட்டு வரை கணக்கு.

அதற்குப் பிறகு எவ்வளவோ படித்துவிட்டேன்.
செவ்வாயில் நகரம் எழும் என்று
ஒரு நாவல் குறித்துவைத்த ஆண்டு
வந்தது, போனது.
அந்த ஆண்டு எங்கள் தெருவில்
புதிய குப்பைத் தொட்டி வைத்தார்கள்.
அதற்காக ஆசிரியரோடு எனக்குச் சண்டையில்லை.
நாவல் என்ன, வானிலை அறிக்கையா?
என் குறை வேறு.
சூரியனையே அணைத்து ஏற்றத் தெரிந்தவர்கள்
ஏன் ஒரு பாத்திரம் கழுவுவதில்லை?
மூன்று தொகுதி, நான்கு பேரரசு,
ஒருத்திக்குக்கூடப் பல் வலிக்கவில்லை.

அந்த ஆறாவது படி மட்டும் அப்படியல்ல.
பதினோராம் அத்தியாயத்தில் தளபதி
தண்ணீர்க் குவளையின் வாயில்
ஒரு வெங்காயத்தை உட்காரவைக்கிறான்.
வேர் இறங்குகிறது.
கலம் சுழலச் சுழல
மேலே எது என்று தேடித் தளிர் வளைகிறது.
பல நாள் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.
ஒரு நாள் வெட்டுகிறான்.
கண் எரிகிறது.
அந்தக் கலத்தில் விழுந்த முதல் கண்ணீர்.

அன்று அழுத்தமானியைப் பார்க்க மறந்துபோனேன்.
மேலதிகாரி கத்தினார். என்ன கத்தினார் என்று நினைவில்லை.

போன நவம்பரில் நூலகத்தில் கிடைத்தது:
கெட்டி அட்டை, பொன் முத்திரை,
ஓர் அறிஞரின் முன்னுரை.
நின்றபடியே பதினொன்றைத் திறந்தேன்.
எரிபொருள் கணக்கு இருந்தது.
தளபதியின் தனிமை பற்றி நீண்ட பத்தி,
நல்ல பத்திதான், இருந்தது.
வெங்காயம் இல்லை.
பத்தில் இல்லை. பன்னிரண்டில் இல்லை.
சாவி தொலைத்தவன்
தடவிய பையையே மறுபடி தடவுவது போல
முழுப் புத்தகத்தையும் உரித்துப் பார்த்துவிட்டேன்.

விர்வே இப்போது பர்னுவில் இருக்கிறாள்.
தொலைபேசியில் கேட்டதும்
எந்த வெங்காயம் என்றாள்.
பிறகு, ஓ, என்றாள்.
"இருநூறு பக்கம் அடித்தாயிற்று,
ஒருவனும் வாயில் ஒன்றும் போடவில்லை.
ராத்திரி ரெண்டு மணி, எனக்கோ பசி.
ஜன்னலோரம் ஒன்று முளைத்துக் கிடந்தது.
அடித்துவிட்டேன்."
ஆசிரியர் ஒன்றும் சொல்ல மாட்டாரே என்று
நாற்பது ஆண்டு கழித்து என்னிடம் கேட்கிறாள்.

அட்டையைத் தடவிப் பார்த்தேன்.
முத்திரை மேடாக இருந்தது.
விருதுக் குழுவில் யாருக்கும்
அந்த இரவு பசிக்கவில்லை போலும்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.
மற்ற ஐந்து படி வைத்திருப்பவர்கள்
எங்கிருக்கிறார்களோ,
இருக்கிறார்களோ.
இந்த அச்சுப் பதிப்பு வந்திருப்பதை
அவர்களிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.