உனக்கு இல்லை

யாஸ்னா வடக்கே சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறாள்.
ஏழு நாள் அங்கே, ஏழு நாள் இங்கே.
அங்கே இருக்கும் ஏழு நாளும்
அவள் கிளி என் சமையலறையில்.

கூண்டோடு ஒரு தாளும் தந்தாள்.
குளிர்பெட்டிக் கதவில் அவளே ஒட்டினாள்.
முதல் வரி, மூன்று அடிக்கோடு:
வெண்ணெய்ப்பழம் கூடாது.
துணுக்குகூட.
அதை நறுக்கிய கத்தியைக் கழுவாமல்
வேறெதையும் நறுக்காதே.

வால்பரைசோக்காரனிடம் இதைச் சொல்வது
மீனிடம் ஈரம் ஆகாது என்பது போல.
காலையில் ரொட்டியும் வெண்ணெய்ப்பழமும்,
மாலைத் தேநீரோடு மறுபடி அதுவே,
ரொட்டி தீர்ந்துபோன நாளில்
வெறும் கரண்டியோடு.
முப்பத்தோரு வருடம்
மலைச்சரிவு ரயில்பெட்டியை ஏற்றி இறக்கிய கை,
காம்பைத் தொட்டே சொல்லிவிடும்
நாளைக்குப் பழுக்குமா, நாளன்றைக்கா என்று.

தாள் நீளமானது.
வெங்காயம், பூண்டு, சாக்லேட், காப்பி, ஒயின்: வேண்டாம்.
ஆப்பிள் சரி, விதையை எடு.
பீச் சரி, கொட்டையை எடு.
பீன்ஸ் சரி, பச்சையாக அல்ல, குழைய வேகட்டும்.
என் திருமணத்தில் இவ்வளவு நிபந்தனை இல்லை.
இருந்திருந்தால் நிலைத்திருக்குமோ என்னவோ.

சந்தையில் மிர்த்தா கேட்டாள்:
உங்களுக்கு எதற்கு இத்தனை கீரை, தோன் எலியோதோரோ?
உடம்புக்கு என்றேன்.
யார் உடம்பு என்று சொல்லவில்லை.
உப்பில்லாமல் பூசணி வேகவைத்தேன்.
சோளக்கதிர், கேரட், ஆறிய வெறுஞ்சோறு.
பப்பாளியை விதையோடு வைத்தபோது
பழத்தை விட்டு விதையைத் தின்றது பிலோட்டோ,
செய்தித்தாளில் மரண அறிவிப்பை மட்டும் படிப்பவனைப் போல.

பச்சை மிளகாய்: தாராளமாக, என்றது தாள்.
எழுத்துப் பிழை என்றுதான் நினைத்தேன்.
ஒன்றை நீட்டினேன்.
காலில் பிடித்து, தலைப்பக்கம் கடித்து,
உள்ளே இருந்ததை நிதானமாக வழித்துத் தின்றது.
காரம் அதன் நாக்குக்குத் தெரியவே தெரியாதாம்.
அந்தக் கையோடு நான் கண்ணைத் துடைத்தேன்.
கிளி என்னைப் பார்த்தது
ஒரு கண்ணால்,
திரும்பி மறு கண்ணால்.

ஜூலையில் ஒரு ராத்திரி.
கூண்டுக் கதவு திறந்திருந்தது, என் தப்பு.
தட்டின் ஓரத்தில் பச்சை அலகில் பச்சைச் சாந்து.
பிடுங்கினேன். விரலைக் கடித்தது. விட்டேன், மறுபடி பிடுங்கினேன்.
உனக்கு இல்லை! உனக்கு இல்லை! என்று
கத்தியது யாரென்று எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது.

எவ்வளவு தின்றது? தொலைபேசியில் மருத்துவர்.
தெரியாது.
உடனே கொண்டு வா.
ராத்திரியில் மலைரயில் ஓடாது என்று
முப்பத்தோரு வருடம் பிறருக்குச் சொன்னவன்
கூண்டின் மேல் கோட்டைப் போர்த்திக்கொண்டு
இருநூற்றுப் பன்னிரண்டு படி இறங்கினேன் மழையில்.
கோட்டுக்குள் சத்தமில்லை.
பேசு கழுதை, என்றேன்.
எண்பதாவது படியில் நின்று காதை வைத்தேன்.
மூச்சா, கடலா,
பிரித்தறியத் தெரியவில்லை.

விடியும்வரை கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.
பஞ்சுபோல் உப்பி, ஒற்றைக் காலில் நின்றது.
எட்டு மணிக்கு இறங்கி வந்து
என் சட்டைப் பொத்தானைக் கடித்தது.
பொத்தான் தாளில் இல்லை.

யாஸ்னாவிடம் சொல்லவில்லை.
வியாழக்கிழமை வந்தாள், செம்மண் பூட்ஸோடு,
பசி என்றாள், என் மேசையிலேயே ரொட்டியை வைத்து
வெண்ணெய்ப்பழத்தைப் பிளந்தாள்.
உனக்கு இல்லை! என்றது கிளி,
என் குரலில், அந்த ராத்திரியின் நடுக்கத்தோடு,
இருமலைக்கூட விடாமல்.
அவள் கத்தி பாதியில் நின்றது.
என் விரலில் இருந்த கட்டைப் பார்த்தாள்.
பிறகு எழுந்துபோய்க்
கத்தியைக் கழுவினாள்.
ரொம்ப நேரம் கழுவினாள்.

இப்போதெல்லாம்
வெளிப்படியில் நின்று சாப்பிடுகிறேன்,
வீட்டுக்குள் சிகரெட் பிடிக்க விடாத கணவனைப் போல.
காற்று ரொட்டியைப் பறிக்கப் பார்க்கும்.
சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வருகிறேன்,
கிளி இல்லாத ஏழு நாளிலும்.